ஒழுகும் மூடியும் ஓ.கே. போட்ட சட்டியும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. எழுத்துப் பிழையும் இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் என் தொழிலே எழுதுவதுதான் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பாத்திரக் கடையில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுகிறேன். அதற்கென்று ஒரு சின்ன மிஷின் உண்டு. கையில் பிடித்தால் கிர்ரென்று நடுங்கும். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த நடுக்கத்தோடு எழுதிப் பழகிவிட்டதால், எவர்சில்வரில் என் எழுத்து அச்சடித்த மாதிரி வரும். காகிதத்தில் எழுதினால் பேனா நடுங்குவதில்லை. அதனால் கை நடுங்குகிறது. பத்திரிகை ஆசிரியர் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

சேலம், நாமக்கல் இரண்டு ஜில்லாவையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், பாத்திரத்தோடு வருகிற வாரண்டி அட்டையை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரைக்கும் படித்த மனிதர் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவர்தான் லீக்கேஜ்காரர். அந்த அட்டையை அச்சடித்த கம்பெனிக்காரர்கள்கூட அதைப் படித்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பதினொரு மாதம் வாராவாரம் பார்த்தும் நான் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம்.

நான் பெயர் வெட்டுகிறவனாக மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. சில வருஷங்களுக்கு முன்னால் கண்ணாடி மூடி போட்ட சட்டி, ஒட்டாத தோசைக்கல், அடி கனத்த குக்கர் என்று புதுப்புதுச் சாமான்கள் வாரண்டியோடு வர ஆரம்பித்தன. வாரண்டி வந்தால் பின்னாலேயே புகாரும் வரும் அல்லவா? புகார் வாங்குவதற்கு எங்கள் முதலாளி ஒரு மேஜை போட்டார். அவரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். முதலில் அந்த மேஜையில் வாய் சாமர்த்தியம் உள்ள ஒருவரை உட்கார வைத்தார். அவர் வருகிறவர்களோடு சரிக்குச் சரி பேசி, இரண்டாவது வாரமே குக்கர் மூடியால் அடி வாங்கினார். அதன் பிறகு பாய் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் கண் என்மேல் வந்து நின்றது.

“இவன் உக்காரட்டும். வாயே தொறக்காத ஆளுகிட்ட எவ்வளவு நேரந்தான் சண்ட போடுவாங்க?”

அன்றிலிருந்து காலையில் புகார், மத்தியானம் பெயர் வெட்டுதல், மறுபடியும் புகார். குக்கர் விசில் அடிக்கவில்லை என்று ஒருவர் வருவார். அவருக்குப் பின்னாலேயே, அடித்த விசில் நிற்கவில்லை என்று இன்னொருவர் நிற்பார். தோசைக்கல்லில் தோசை ஒட்டுகிறது என்பார்கள். கவிழ்த்துப் பார்த்தால் இரும்புக் கரண்டியால் கோலம் போட்ட மாதிரி சுரண்டியிருக்கும். எல்லாருக்கும் என் பதில் ஒன்றுதான். “எழுதிக்கிறேங்க.” எழுதிக்கொள்வேன். வீட்டுக்குப் போகும்போது ஊரில் உள்ள அடுப்படி அத்தனையையும் தலையில் தூக்கிக்கொண்டு நடப்பது போல் இருக்கும்.

போன வருஷம் தை மாதம் பாய் என்னிடம் கண்டிப்பாக ஒன்று சொன்னார். கண்ணாடி மூடிச் சட்டி செய்கிற கம்பெனியிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு இளைஞர் வருவார். வெயிலிலும் டை கட்டியிருப்பார். அவர் வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்.

“இந்தக் கம்பெனி சாமான்ல மட்டும் மிஷின வெக்காதப்பா. பேரு வெட்டுனா வாரண்டி செல்லாதாம். கடையில வெட்டுனது தெரிஞ்சா நம்மளத்தான் பிடிப்பாங்களாம். மீறி நீ வெட்டுனேன்னு வெச்சுக்க, அன்னைக்கே மிஷின எடுத்துக்கிட்டு நீ கெளம்பிக்கலாம்.”

சரி பாய் என்றேன். ஐம்பதை நெருங்குகிற வயது. மிஷினை எடுத்துக்கொண்டு நான் எங்கே கிளம்புவது? மறக்கக் கூடாது என்று மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரமே லீக்கேஜ்காரர் வந்து சேர்ந்தார். அறுபது வயது இருக்கும். தோளில் துண்டு, சட்டைப் பையில் டார்ச் லைட். மற்றவர்கள் பீடி செருகுகிற காது இடுக்கில் அவர் ஒரு சாக்பீஸ் செருகியிருந்தார். கண்ணாடி மூடிச் சட்டி ஒன்றை எடுத்தார். கடைக் குடத்திலிருந்து அதில் தண்ணீர் ஊற்றினார். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அடியில் நின்று டார்ச் அடித்து அண்ணாந்து பார்த்தார். சட்டி வாங்க வருகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்கள், தடவிப் பார்ப்பார்கள். கூரையைப் பார்ப்பது போலச் சட்டியைப் பார்த்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் விழிப்பதைக் கண்டு அவரே விளக்கினார். “நாமக்கல்லுல லாரி பாடி கட்டற ஷெட்டுல லீக்கேஜ் பாக்கறவனுங்க நானு. மூடுன பாடிக்குள்ள என்னைய உக்கார வெச்சுக் கதவச் சாத்திப்போடுவாங்க. மேல பைப்புல தண்ணி அடிப்பாங்க. நான் உள்ள இருட்டுல உக்காந்து, சொட்டு எங்க உழுவுதோ அங்க சாக்பீஸ்ல வட்டம் போடோணும். வெல்டரு வந்து அடைப்பாரு. ஒரு சொட்டும் இல்லீன்னா ஓ.கே.ன்னு எழுதுவேன். நான் ஓ.கே. எழுதாம ஒரு வண்டி ஷெட்ட உட்டு நவுராதுங்க.”

பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சட்டியை என்னிடம் நீட்டினார். “இதுவும் பாஸாயிருச்சு. அடியில ஓ.கே. போட்டுக் குடுங்க சாமி.”

‘இந்தக் கம்பெனி சாமானுக்கு வெட்டக் கூடாதுங்க.’ ஐந்து வார்த்தைதான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யாராவது முகத்தைப் பார்த்தால் என் வார்த்தை வந்த வழியே திரும்பிப் போய்விடும். பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம். சட்டியின் அடியில் ஓரமாக ஓ.கே. என்று வெட்டிக் கொடுத்துவிட்டேன். பாழாய்ப்போன அந்த ‘ஓ’வின் சுழி அன்றைக்கென்று அவ்வளவு அழகாக வந்தது. ஊரில் எந்த வீட்டுப் பாத்திரத்தைக் காட்டினாலும் அந்தச் சுழியை வைத்தே “இது நம்ம ஆளு வெட்டுனது” என்று சொல்லிவிடுவார் பாய்.

அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என் மேஜைமேல் துண்டில் கட்டிய ஒரு மூட்டை வந்து உட்கார்ந்தது. தொட்டால் சுட்டது. அவிழ்த்தார். அதே சட்டி. மூடியைத் திறந்தார். உள்ளே ஆவி பறக்கும் சோறு. மூடியை என் மூக்குக்கு நேராகக் கவிழ்த்துக் காட்டினார். நாலைந்து சொட்டு ரிஜிஸ்டரில் விழுந்து, முந்தின நாள் எழுதிய தோசைக்கல் புகார் அழிந்துபோனது.

“பாத்தீங்களா? ஒழுவுது.”

“அது... ஆவிங்க.”

“ஆவின்னா மேல போவோணும். இது கீழயல்ல உழுவுது? கீழ உழுந்தா அது தண்ணி. மூடுன எடத்துக்குள்ள தண்ணி உழுந்தா அது லீக்கேஜ். முப்பது வருசமா இதேதானுங்க என்ற வேல.”

காலிச் சட்டியாகக் கொண்டுவந்தால் வழியிலேயே மூடி காய்ந்து சாட்சி போய்விடும் என்று, ராசிபுரத்துப் பக்கம் இருக்கிற தன் வீட்டில் சோறு வடித்த கையோடு கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். புதன்கிழமையோடு ஷெட்டில் வண்டி அனுப்புகிற வேலை முடிந்துவிடும். அதனால் அவருக்கு வியாழக்கிழமை ஓய்வு. எனக்கு இனிமேல் வியாழக்கிழமையில் ஓய்வு கிடையாது என்பது அப்போது தெரியாது.

“எழுதிக்கிறேங்க” என்றேன்.

“எழுதுங்க. நான் மெதுவாச் சொல்றேன். மூடிக்கு நடுவுல ஒரு எடம். கைப்பிடிக்குக் கெழக்கால ரெண்டு எடம்...”

அவர் பேசப் பேச நான் எழுதினேன். என் கண் மட்டும் சட்டியின் அடியிலேயே இருந்தது. அவர் வேகத்தில் சட்டியைத் தூக்கித் தூக்கிக் காட்டுவார். தூக்கும்போதெல்லாம் ஓ.கே. பளிச்சென்று மின்னும். பத்தடி தூரத்தில் கல்லாவில் பாய். மறுவாரம் என் வீட்டிலிருந்து ஒரு வைக்கோல் பிரிமணையைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டு வைத்தேன். சூட்டில் மேஜை பாழாகும் என்று காரணம் சொன்னேன். சட்டி அந்தப் பிரிமணையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

புகார்களை எல்லாம் ஒரு பட்டியலாக எழுதி மாதம் ஒருமுறை டை கட்டிய தம்பியிடம் கொடுக்க வேண்டும். பட்டியலில் ஏறினால் சட்டியைக் கேட்பார். சட்டியைக் கேட்டால் கவிழ்ப்பார். கவிழ்த்தால் நான் கிளம்ப வேண்டியதுதான். ஆகவே லீக்கேஜ்காரர் புகாரை மட்டும் நான் ஏற்றவே இல்லை. “கம்பெனியில இருந்து இன்னும் பதில் வரலைங்க” என்று வாராவாரம் சொன்னேன். பேசவே பேசாதவன் பேசிய நாலு வார்த்தையும் பொய்யாகப் போய்விட்டது.

அவரும் விடவில்லை. பங்குனியில் ஒருநாள் மூடி முழுக்கச் சாக்பீஸ் வட்டங்களோடு வந்தார். ஒவ்வொரு சொட்டையும் சுற்றி ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு நம்பர். “மொத்தம் நாப்பத்தியேழு எடத்துல ஒழுவுதுங்க” என்றார். மூடியில் கண்ணாடி தெரியவில்லை. அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. நாற்பத்தேழையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதினேன். முப்பதாவது வட்டத்தில் எனக்குக் கண் செருகியது. “ஏனுங்க, முப்பத்தொண்ணு உட்டுட்டீங்க” என்று எழுப்பினார்.

சித்திரையில் பாயே பொறுக்காமல், “பக்கத்து டீக்கடையில கொண்டுபோய்க் காட்டுப்பா, கொதிக்கிற எல்லாத்துலயும் இப்படித்தான்னு தெரியட்டும்” என்றார். கூட்டிப்போனேன். டீ மாஸ்டர் பால் சட்டியின் மூடியைத் தூக்கினார். அதிலும் சொட்டு. வெந்நீர் அண்டாவின் மூடியைத் தூக்கினார். அதிலும் சொட்டு. லீக்கேஜ்காரர் முகம் இருண்டது. எனக்குச் சந்தோஷம். ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“எல்லாக் கம்பெனியும் சேந்துக்கிட்டு ஏமாத்தறானுங்க” என்றார்.

“இல்லைங்க” என்று நான் வாயைத் திறந்தேன். என் வாழ்க்கையிலேயே நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். “உள்ள இருக்கிற சூடுதாங்க மேல போய்ப் பட்டுத் தண்ணியாகுது. ஓட்டையே வேணாங்க. மூடி வெச்சாலே போதும்.”

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். மெதுவாகக் கேட்டார். “மூடுன பாடிக்குள்ள ஒரு ஆளு ரெண்டு மணி நேரம் வேர்த்துக்கிட்டு உக்காந்திருந்தாலும் அப்படி ஆகுமுங்களா?”

“ஆகும்னுதான் நெனைக்கிறேங்க.”

அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தார். “நீங்க சொன்னது நெசமாட்ட இருந்தா, என்ற மூச்சுக்காத்துக்கே வட்டம் போட்டு, நல்லாருந்த கூரையெல்லாம் வெல்டர உட்டுப் பிரிச்சிருப்பனுங்க. எத்தன கூரைன்னு நெனச்சா ராத்திரி தூக்கம் வர மாட்டீங்குது. அதனால நீங்க சொன்னது தப்புங்க” என்றார். பிறகு மூட்டையை அவிழ்த்தார். எழுதிக்கிறேங்க என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

ஆடியில் தன் வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார், சாட்சிக்காக. அவர் டார்ச்சோடு சட்டி வரிசைப் பக்கம் போன நேரம் பார்த்து அந்த அம்மா என் மேஜையை ஒட்டி வந்து குனிந்தார்.

“சாமி, அந்த மூடிக்கு ஒரு கேடுமில்ல. சோறு நல்லாத்தான் வேகுது.”

“சரிங்கம்மா.”

“மாத்திக்கீத்திக் குடுத்துப்போடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். மாத்திக் குடுத்துட்டா மனுசன் வியாழக்கிழமையானா ஊட்லயே உக்காந்துக்குவாரு. நான் ஒரு நாளாச்சும் நிம்மதியா இருக்க வேணாமா?”

அந்த அம்மா நிம்மதியாக இருக்க நான் ஒருவன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

ஆயுத பூஜை முடிந்த வாரம் அவர் சட்டியோடு வாரண்டி அட்டையையும் கொண்டுவந்தார். வீட்டில் அரிவாள்மனை, மிக்ஸி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த அந்த அம்மா, தன் கணவர் எதை அதிகமாகக் கும்பிடுகிறாரோ அதையும் விடக் கூடாது என்று வாரண்டி அட்டைக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார். பொட்டு சரியாகச் சட்டியின் நம்பர்மேல் விழுந்திருந்தது. இவர் துண்டை நனைத்துத் துடைக்க, பொட்டோடு நம்பரும் வந்துவிட்டது.

“நம்பர் இல்லைன்னா கம்பெனியில ஏத்துக்க மாட்டாங்க” என்றேன். உள்ளுக்குள் இனித்தது. இதோடு முடிந்தது என்று பேனாவைக்கூட மூடிவிட்டேன்.

அவர் கண்ணை மூடினார். பன்னிரண்டு இலக்கத்தையும் ஒரு மூச்சில் ஒப்பித்தார். “எழுதிக்கோங்க சாமி. சந்தேகமிருந்தா கடைசியில இருந்தும் சொல்றேன்.” கடைசியிலிருந்தும் சொன்னார்.

ஐப்பசி, கார்த்திகை கல்யாணப் பருவத்தில்தான் நிலைமை கைமீறியது. என்னிடம் வேலை நடக்கவில்லை என்று தெரிந்துகொண்டு அவர் கடை வாசலில் நின்றுகொண்டார். சீர்ப் பாத்திரம் வாங்க ஆத்தூரிலிருந்து வேன் வைத்து வந்த ஒரு குடும்பத்தை மறித்தார். “அக்கா, புள்ளைக்கு வாங்கறீங்க, மூடியத் தொறந்து மேல டார்ச் அடிச்சுப் பாத்து வாங்குங்க. நாங்க ஏமாந்துட்டோம்.” பெண்ணின் அம்மா பயந்துபோய்க் கடையிலிருந்த மூடிகளை எல்லாம் திறந்து பார்க்க ஆரம்பித்தார். கூட வந்த பதினாறு பேரும் ஆளுக்கொரு மூடியைத் தூக்கினார்கள். கடையே தாம்பாளக் கச்சேரி மாதிரி ஆனது. கடைசியில் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.

பாய் கல்லாவை விட்டு எழுந்து என் மேஜைக்கு வந்தார். அவர் எழுந்து வந்தால் விஷயம் பெரிது.

“பதினோரு மாசமா என்னாப்பா எழுதிக்கிட்டிருக்க நீ? கம்பெனிக்குப் போச்சா, இல்லையா?”

நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன்.

“வர்ற வியாழக்கிழமை கம்பெனி ஆள நானே வரச் சொல்றேன். ரெண்டுல ஒண்ணு பாத்துரலாம்.”

மார்கழி மாதத்தின் அந்த வியாழக்கிழமை காலையில் நான் சாப்பிடாமல் கடைக்குப் போனேன். பெயர் வெட்டும் மிஷினைத் துடைத்து, வயரைச் சுற்றி, பைக்குள் வைத்துக்கொண்டேன். பாய் சொல்லி எடுப்பதைவிட நானே எடுத்து வைத்திருந்தால் கடை ஆட்கள் முன்னால் நிற்கிற நேரம் குறையும் என்பது என் கணக்கு.

டை கட்டிய தம்பி வந்தார். லீக்கேஜ்காரர் மூட்டையோடு வந்தார். வேடிக்கை பார்க்கக் கடையில் இருந்த எல்லாரும் வந்தார்கள். மூடி திறக்கப்பட்டது. தம்பி பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“சார், இது டிஃபெக்ட் இல்லை. இது கண்டென்சேஷன்.”

“அப்படீன்னா?”

“நீராவி மூடியில பட்டுக் குளிர்ந்து தண்ணியா மாறுது. அதுக்குப் பேருதான் கண்டென்சேஷன்.”

“பேரு வெச்சுட்டா ஒழுவறது நின்னு போயிருமுங்களா?”

தம்பி மறுபடி விளக்கினார். மூன்றாவது முறை விளக்கும்போது அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. லீக்கேஜ்காரர் டார்ச்சை எடுத்து அவர் நெற்றியில் அடித்துப் பார்த்தார். “உங்களுக்கும் லேசா லீக்கேஜ் இருக்குதுங்க தம்பி” என்றார். கடை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் கண் பிரிமணைமேல் இருந்தது.

“சரி சார், உங்க திருப்திக்கு நான் கம்பெனிக்கே அனுப்பிடறேன். சட்டியையும் குடுங்க” என்றார் தம்பி. பாய் ஒரு தாம்பாளம் எடுத்துக் கொடுத்தார். சோற்றைக் கொட்டினார்கள். தம்பி சட்டியை வாங்கிக் கவிழ்த்தார்.

“இது என்ன எழுத்து?”

தம்பி சட்டியின் அடியைப் பாய் பக்கம் திருப்பினார்.

“பாய், நான் தெளிவா சொல்லியிருந்தேன். பேர் வெட்டியிருந்தா வாரண்டி கிடையாது. இங்கதான் வெட்டினாங்கன்னா நீங்கதான் பதில் சொல்லணும்.”

பாய் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சட்டியை வாங்கினார். ‘ஓ’வின் சுழியைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

“யாரு வெட்டுனது? யாரா இருந்தாலும் சரி, மிஷின எடுத்துக்கிட்டுக் கெளம்பலாம்னு நான் அப்பவே சொல்லியிருக்கேன்.”

நான் எழுந்து நின்றேன். ‘நான்தான், பாய்.’ இரண்டே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“நாந்தானுங்க வெட்டுனேன்.”

லீக்கேஜ்காரர்தான்.

“நீங்களா?” என்றார் தம்பி. “மிஷின்ல வெட்டின மாதிரி இருக்கே சார்?”

“எங்க ஷெட்டுல இல்லாத மிஷினுங்களா? பாஸான சாமானுக்கெல்லாம் நான் ஓ.கே. போடுவேன். நம்பலீன்னா பாருங்க.” சொல்லிக்கொண்டே பாய் கையிலிருந்து சட்டியை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து ஒரு நீள ஆணியை எடுத்தார். பளபளவென்று இருந்த சட்டியின் வயிற்றில் க்ரீச்சென்று ஒரு இழுப்பு இழுத்தார். எல்லாருக்கும் பல் கூசியது.

“ஐயோ சார், ஃபினிஷிங் போச்சு!” என்று தம்பி கத்தினார்.

அவர் நிறுத்தவில்லை. ஓ.கே. என்று எழுதி முடித்தார். அந்த ‘ஓ’ பாதி கடித்த முறுக்கு மாதிரி இருந்தது. பிறகு மூடியை எடுத்தார். ஒரு நிமிஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடியிலிருந்து ஒரு சொட்டு அவர் மணிக்கட்டில் விழுந்தது. துடைக்கவில்லை. மூடியைச் சுற்றியிருந்த தகட்டிலும் ஆணியை வைத்து ஓ.கே. என்று கீறினார். பதினொரு மாதமாகப் பாஸ் ஆகாத மூடி அன்றைக்குத்தான் பாஸ் ஆனது.

“போதுமுங்களா? வாரண்டி இல்லீன்னு எழுதிக்கோங்க.”

தம்பி எழுதிக்கொண்டார். பாய் சட்டியை வாங்கி அடியில் இருந்த ஓ.கே.யைப் பார்த்தார். வயிற்றில் இருந்த ஓ.கே.யைப் பார்த்தார். ஒன்று அச்சடித்தது. இன்னொன்று கோழி கிளறியது. படிக்கத் தெரியாதவர்கூட இரண்டும் வேறு கை என்று சொல்லிவிடுவார்.

“ரெண்டும் ஒரே கைதான்” என்றார் பாய். கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கல்லாவுக்குப் போய்விட்டார்.

லீக்கேஜ்காரர் சோற்றைத் திரும்பச் சட்டியில் போட்டு, துண்டில் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நான் யாரிடமும் சொல்லாமல் அவர் பின்னால் ஓடினேன். ஆட்டோக்களுக்கு நடுவில் புகுந்து, டவுன் பஸ் நிற்கிற இடத்தில் பிடித்தேன். மூச்சு வாங்கியது.

“ஏனுங்க... உங்களுக்கு எப்படி...”

“கார்டுல பதினோராவது பாயிண்டுங்க. பேரு வெட்டுனாலோ கீறுனாலோ வாரண்டி கெடையாது. வாங்குன அன்னைக்கே பஸ்ல படிச்சுப்போட்டனுங்க.”

முதல் நாளே தெரிந்திருக்கிறது. சட்டி எந்தக் காலத்திலும் மாறாது என்று தெரிந்தே இந்த மனிதர் சோறு வடித்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

“அப்புறம் எதுக்குங்க வாராவாரம் வந்தீங்க?”

அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்தார். “மொத வாரம் உங்களத் திட்டத்தானுங்க வந்தேன். வெட்டக் கூடாததுல வெட்டிக் குடுத்துப்போட்டீங்களேன்னு. வந்து வாயத் தொறந்தா, நீங்க பேனாவ எடுத்து எழுத ஆரம்பிச்சுட்டீங்க. நான் பேச ஆரம்பிச்சா ஷெட்டுலயும் சரி, ஊட்லயும் சரி, ஆளாளுக்கு அவசர வேல வந்துரும் சாமி. நாப்பத்தியேழையும் எழுதுன ஆளு நீங்க ஒருத்தருதான்.”

நான் எழுதியதெல்லாம் பயத்தில் என்று அவரிடம் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது. மூட்டையை அணைத்துக்கொண்டு படியில் கால் வைத்தார்.

“வர்ற வியாழக்கிழமை வாங்க” என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவர் என் முகத்தைப் பார்த்தும் வார்த்தை உள்ளே போகவில்லை.

“வாரேனுங்க” என்றார்.

புகார் மேஜையில் உட்கார்ந்த இத்தனை வருஷத்தில், ஒரு ஆளை நானாகத் திரும்ப வரச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

ஆவணி 7, ஞாயிற்றுக்கிழமை.